துரைசானி வளர்த்த பூசணிக்காய்

ரங்கூன்,
1926 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை

மகா-ள-ஸ்ரீ மச்சான் இராமையா அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் சபாபதி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் சகலமும் க்ஷேமம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. துரைசானி அம்மாள் பங்களாவின் பின்கட்டில் ஓர் அறை ஒழித்துத் தருவதாகச் சொல்லிவிட்டாள், தங்கள் தங்கை கனகாம்பாளை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிடுங்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? ஏற்ற வேண்டாம். அறை போயிற்று, அநேகமாக என் பட்லர் வேலையும் போயிற்று. ஆறு வருஷம் தனியாகக் கிடந்தவனுக்கு இதை எழுத வயிறு எரிகிறது.

எல்லாம் ஒரு பூசணிக்காயால் வந்தது. எங்கள் துரை மரம் அறுக்கும் மிஷின் விற்க அமெரிக்காவிலிருந்து வந்தவர். அம்மாள் அந்த தேசத்தில் மாசசூசெட்ஸ் என்கிற சீமையில் பிறந்தவள். அங்கே நம் கார்த்திகை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பெரிய பண்டிகையாம். முந்நூறு வருஷத்துக்கு முன் அவர்கள் முன்னோர் கப்பலில் போய் இறங்கி, முதல் குளிரிலேயே பாதிப் பேர் செத்து, மறு வருஷம் அந்த மண்ணின் ஜனங்கள் சோளம் விதைக்கச் சொல்லிக்கொடுக்க, விளைந்ததை எல்லோரும் கூடித் தின்று கடவுளுக்கு நன்றி சொன்னார்களாம். "அம்மா, இது எங்கள் பொங்கலேதான்" என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் அன்றைக்கே தலைக்கனம் ஏறிவிட்டது.

இந்தப் பண்டிகைக்காக அவள் தாயார் கடிதத்துக்குள் விதை வைத்து அனுப்பியிருந்தாள். இந்த ஊர் மழையில் கொடியெல்லாம் அழுகி, ஒரே ஒரு காய் தங்கிற்று. எருமைத் தலை பருமன், காவி நிறம். அம்மாள் தினமும் காலையில் அதைத் தடவிக் கொடுப்பாள். "யாரும் தொடக் கூடாது, இது வியாழக்கிழமைக்கு" என்பாள். மச்சான், நீங்களே சொல்லுங்கள், நாள் குறித்து, ஒருவரும் தொடாமல் வளர்க்கிற காயை நாம் என்னவென்று நினைப்போம்? ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட கிடா மாதிரி என்றுதானே? பண்டிகையன்று பூசணிக்காய் எதற்கு என்று எனக்கு யாராவது பாடம் நடத்த வேண்டுமா? நம் ஊரில் வெள்ளைப் பூசணி, அவர்கள் ஊரில் காவி, அவ்வளவுதானே என்று எண்ணிவிட்டேன். சொல்லாமலே செய்கிறவன்தான் பட்லர் என்று ஒரு கொழுப்பு வேறு.

நேற்று மத்தியானம் விருந்தாளிகள் பன்னிரண்டு பேர் மோட்டார்களில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். துரையும் அம்மாளும் கேட்டு வாசலில் நின்றார்கள். நான் காயின் தலையைச் சீவி, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றி, இருவரையும் மூன்று சுற்றுச் சுற்றினேன். அவர்களும் ஏதோ வேடிக்கை என்று சிரித்தபடியே நின்றார்கள். பிறகு அந்த வாசலிலேயே ஓங்கி ஒரே போடு! துரையின் வெள்ளைக் கால்சட்டை முழங்கால் வரை சிவந்துவிட்டது. ஒரு கிழட்டு வெள்ளைக்காரி ரத்தம் என்று நினைத்து மோட்டாருக்குள்ளேயே சாய்ந்துவிட்டாள். அம்மாள் போட்ட கூச்சலில் சமையற்காரர் உதுமான் கையெல்லாம் மாவோடு ஓடி வந்தார்.

"அண்ணே, என்னா காரியம் பண்ணிட்டிய! அந்தக் காயக் கூழாக்கி உள்ள வச்சுச் சுடத்தானே காலையிலேருந்து மாவப் பெசஞ்சு வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கேன்!"

"திங்கிறதுக்கா? அய்யய்யோ, திருஷ்டிக்குன்னுல்ல நெனச்சேன்!"

"யாரு கண்ணு பட்டுச்சோ இல்லியோ, ஒங்க கை பட்டுருச்சு."

உதுமான் லான்மடாவ் பஜாருக்கு ரிக்ஷாவில் பறந்து, வேறொரு பூசணி வாங்கி வந்து, பனைவெல்லம் போட்டு எப்படியோ சுட்டு வைத்தார். வான்கோழியைத் தின்ற பன்னிரண்டு பேரும் அதையும் வழித்துத் தின்றார்கள். அம்மாள் மட்டும் விரலால்கூடத் தொடவில்லை, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துரை இன்று காலை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

ஆகையால் கனகாம்பாளிடம் பக்குவமாகச் சொல்லவும். மூட்டை கட்டியிருந்தால் அவிழ்க்கச் சொல்லவும். கணக்குத் தீர்த்தவுடன் நானே புறப்பட்டு வந்து சேர்கிறேன். பெரியவர்கள் பாதத்துக்கு என் தெண்டனும், குழந்தைகள் உச்சிக்கு என் முத்தமும்.

இப்படிக்கு,
புத்தி கெட்ட
சபாபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அம்மாள் கூப்பிட்டனுப்பினாள். கண் வீங்கியிருந்தது. ஏன் உடைத்தாய் என்று கேட்டாள். "தாயை விட்டு இத்தனை தூரம் வந்து நன்றாயிருக்கிறீர்கள், ஒருவர் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்றுதான் அம்மா" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "உனக்கு யார் உடைத்தார்கள்?" என்றாள். "சுற்றிப் போட வேண்டியவள் ஊரில் இருக்கிறாள் அம்மா" என்றேன். "அப்படியானால் அவளை இன்னும் வரவழைக்காமல் இங்கே நின்று என்ன செய்கிறாய்!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், மச்சான், எனக்கு அழுகையே வந்துவிட்டது. தபாலுக்கு நேரமாகிவிட்டது, வேறு கடிதம் எழுத முடியாது. ஆகவே மேலே உள்ள எதையும் படிக்காமல் கனகாம்பாளை உடனே கப்பல் ஏற்றவும்.