விளம்பரத்தில் வந்தது நான், வீடு தேடியது நாய்

கிகிந்தா,
நவம்பர் மாதம், ஞாயிறு மதியம்.

அன்பையும் அதட்டலையும் ஒரே மூச்சில் வழங்க வல்ல அக்கா ரதோய்காவுக்கு, தம்பி மிலுதின் பணிவுடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் பெண்டாட்டி ஸ்தானாவும் சுகம். நிஷ் நகரில் உன் மூட்டுவலி எப்படி, இந்த வருஷம் மிளகாய் விழுது எத்தனை ஜாடி போட்டாய் என்றெல்லாம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. ஆனால் உன் கடிதத்தில் நீ போட்டிருந்த ஆச்சரியக்குறிகளின் அழுத்தத்தில் காகிதமே கிழிந்திருந்தது. கையிலாவது வலி இல்லை என்று தெரிந்து மகிழ்ந்தேன்.

ஆமாம் அக்கா, நீ கத்தரித்து அனுப்பிய பத்திரிகைத் துண்டில் இருப்பது என் முகம்தான். ஆனால் அதன் கீழே "ஐந்து வயது, கூச்ச சுபாவம், கருத்தடை செய்யப்பட்டது, குரைக்காது, கடிக்காது, எதைப் போட்டாலும் சாப்பிடும், அன்பான வீடு தேவை" என்று அச்சாகியிருப்பது நான் இல்லை. ஸ்தானா என்னை வீட்டைவிட்டுத் துரத்தவும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி.

எல்லாம் ஸகோர்காவால் வந்தது. ஊருக்கு வெளியே, பழைய செங்கல் சூளைக்குப் பக்கத்தில் தெருநாய்களுக்கு ஒரு காப்பகம் நடத்துகிறாளே, ஸ்தானாவின் சிநேகிதி, அவள்தான். நாடகக் கொட்டகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான் வீட்டில் உட்கார்ந்தது ஸ்தானாவுக்குப் பொறுக்கவில்லை. "நாள் முழுக்க என் காலுக்குள்ளயே சுத்தறான், எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போ" என்று என்னை அவளிடம் ஒப்படைத்துவிட்டாள். அங்கே கடைசி வரிசையில் சென்கா என்று ஒரு பழுப்பு நாய். இரண்டு வருஷமாக இருக்கிறது. அதன் முழு முகத்தைப் பார்த்தவர்கள் கிடையாது. யாராவது வாயைத் திறந்தால் போதும், மரக்கூண்டுக்குப் பின்னால் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. முப்பது வருஷம் மேடைக்கு அடியில் பெட்டிக்குள் உட்கார்ந்து நடிகர்களுக்கு வசனம் கிசுகிசுத்தே தொண்டை தேய்ந்துபோனவன். நான் கூப்பிட்டால் பக்கத்து அறையில் இருக்கும் ஸ்தானாவுக்கே கேட்பதில்லை (கேட்காத மாதிரி இருக்கிறாள் என்பது என் சந்தேகம்). அந்தக் கிசுகிசுப்புக்கு மட்டும் சென்கா மூக்கை நீட்டியது. மூக்கு, அப்புறம் ஒரு காது, ஒரு வாரம் கழித்து என் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற அளவுக்குத் துணிச்சல். வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம்தான், ஆனால் நாய் முடி பட்டால் ஸ்தானாவுக்கு மூச்சு இழுத்துக்கொள்ளும். நாய்க்காகப் பெண்டாட்டியை மூச்சுத் திணற விட முடியுமா? நீ பதில் எழுத வேண்டாம்.

அக்டோபரில் அடித்த மழையில் கடைசி வரிசையின் கூரை சரிந்துவிட்டது. ஸகோர்கா என்னிடம் சொன்னாள்: "குளிருக்கு முன்னாடி இதுங்களுக்கு வீடு கெடைக்கலன்னா பெரிய காப்பகத்துக்குத்தான் அனுப்பணும். மத்ததுங்க பொழைச்சுக்கும். இது அந்தக் கூட்டத்துல தட்டுக்கிட்ட போகாது, மிலுதின். போன வருஷம் இப்படித்தான் ஒண்ண அனுப்பினேன், ஒரு மாசம் தாங்கல." அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, அக்கா. ஸ்தானா இரண்டாவது தடவை பரிமாறினாள், அதையும் தின்றுவிட்டுத்தான் படுத்தேன், ஆனாலும் இறங்கவில்லை.

முதலில் ரொட்டிக்கடை ஸ்வெதோசார் குடும்பத்தோடு பார்க்க வந்தான். அவன், அவன் மனைவி, மாமியார், எல்லாரும் வரிசையாக நின்று ஒரே குரலில் "குட்டீ, குட்டீ, வாடா செல்லம்" என்று கூவினார்கள். சென்கா கூண்டுக்குப் பின்னால் போனது போனதுதான். அரை மணி நேரம் நின்று பார்த்ததில் வாலின் நுனி மட்டும் தெரிந்தது. "ஏம்பா மிலுதின், முழு நாயையும் தர்றீங்களா, வால மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு, வாசலில் குதித்துக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதற்கும் வீடு வேண்டியதுதானே, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாமியாரின் தொண்டையை நான் மன்னிக்க மாட்டேன்.

அப்புறம்தான் இந்த விளம்பரம். படம் எடுக்க ஸகோர்கா கேமராவைத் தூக்கினால் சென்கா என் முழங்காலுக்குப் பின்னால். நான் திரும்பினால் அதுவும் திரும்புகிறது. கடைசியில் கிடைத்த ஒரே படத்தில் நான் இளித்துக்கொண்டு நிற்கிறேன், கால் பக்கம் ஒரு காது. "காதாவது இருக்கே, போதும்"னு அனுப்பினோம். பத்திரிகைக்காரன் இடம் பத்தலைன்னு கீழ்ப்பக்கத்த வெட்டிட்டான் அக்கா! காது போச்சு, நான் மட்டும் மிச்சம்! சனிக்கிழமை காலையில ஸ்தானா காப்பி குடிச்சுக்கிட்டே பேப்பரப் பிரிச்சா. சத்தமே இல்ல. என்னடான்னு பாத்தா, கண்ணுல தண்ணி வழிய மேசையப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிறா. "குரைக்காது, கடிக்காது, எதப் போட்டாலும் திங்கும். மனுஷா, நாப்பது வருஷமா நான் சொல்றத எவனோ அச்சே போட்டுட்டான்!"

விளம்பரத்துல எங்க வீட்டு நம்பர், அன்னைக்கு மத்தியானத்துலேருந்து டெலிபோன். ஒரு அம்மா, "அவரு மாடிப்படி ஏறுவாரா?"ன்னு கேக்கறாங்க. இன்னொரு அம்மா, "கருத்தடை எல்லாம் எனக்குப் பிரச்சினையில்ல, குறட்டை உண்டா?"ங்கறாங்க. நான் ஃபோன்ல பேசினா யாருக்குக் கேக்குது? "கூச்ச சுபாவம்னு போட்டிருந்தது நெசம்தான் போல"ன்னு அவங்களுக்கு இன்னும் புடிச்சுப் போச்சு. ஸ்தானா ரிசீவரப் புடுங்கி, "வந்து கூட்டிக்கிட்டுப் போங்க, போர்வையும் சேத்துத் தர்றேன்"னு சொல்றா. அடுத்த நாளே திருத்தம் போட்டான் அந்தப் படுபாவி: "படத்தில் இருப்பவர் கருத்தடை செய்யப்பட்டவர் அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்." அதுக்கப்புறம் ஃபோன் இன்னும் ரெண்டு பங்கு. நான் தெருவுல நடக்கறத நிறுத்திட்டேன். வருஷா வருஷம் குளிருக்கு எங்க ஊர்ச் சதுக்கத்துக்கு வந்து மரத்துக்கு மரம் உக்காந்திருக்கற ஆந்தைங்ககூட என்னைப் பாத்துதான் தலையத் திருப்புதுன்னு தோணுச்சு.

வந்தவங்கள்ல ஒருத்தி தெசாங்கா. சந்தையில மீன் விக்கிறாளே, இங்கேருந்து கெண்டைன்னு கூவினா ருமேனியா எல்லையில ஆள் திரும்பிப் பாப்பானே, அவதான். புருஷன் போய்ச் சேந்து நாலு வருஷம். நேரா காப்பகத்துக்கே வந்துட்டா. தலைக்குச் சுருள் போட்டு, நல்ல கோட்டு மாட்டி, கையில வால்நட் கேக்கு. ஸ்தானாவும் "இத நான் பாக்காம விடுவேனா"ன்னு எங்கூட வந்திருந்தா. தெசாங்கா என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "அஞ்சுக்கு முன்னாடி ஆறு விட்டுப்போச்சுன்னு நெனச்சேன்"ன்னா. "அறுபத்தஞ்சு சரிதாங்க, ஆனா வீடு தேடறது நான் இல்லீங்க"ன்னேன். அவளுக்குக் கேக்கல. ஸ்தானா ஒடைச்சே சொல்லிட்டா: "இது என்னுது. நாயி அதோ, பின்னால."

கத்தப்போறான்னு ஸகோர்கா ரெண்டடி பின்னால நகந்தா. தெசாங்கா கத்தல. கவுத்துப்போட்ட வாளி ஒண்ணு கெடந்துச்சு, அதுல உக்காந்தா. கூண்டுப் பக்கம் முதுகு. "தலைக்குச் சுருள் வேற போட்டுக்கிட்டு வந்தேன்"ன்னா, யாருக்கோ சொல்ற மாதிரி. அப்புறம், "வீட்டுல பேச ஆளில்ல. அதான் சந்தையில கத்தறேன்"ன்னா. அவ்வளவுதான். கேக்கு டப்பாவ மடியில வெச்சுக்கிட்டு மண்ணப் பாத்துக்கிட்டே இருந்தா. ஸ்தானா சிரிப்பெல்லாம் போய், கைக்குட்டையத் தேடறா.

அப்போ சென்கா வெளிய வந்துச்சு அக்கா. நான் கூப்பிடல. யாரும் கூப்பிடல. வயிறு தரையில உரச ஊர்ந்து வந்து, தெசாங்கா கோட்டுப் பாக்கெட்டுல மூக்க நொழைச்சுது. எவ்வளவு சென்ட்டு அடிச்சாலும் மீன் வாசன போகுமா? பாக்கெட்ட நல்லா மோந்து பாத்துட்டு, அவ ஷூ மேல தலைய வெச்சு ஒரு பெருமூச்சு விட்டுது. நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கறதே அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. தெசாங்கா அசையல. "யாரும் பேசாதீங்க"ன்னா. என்னைவிட மெதுவா. அந்தத் தொண்டையில அப்படி ஒரு குரல் இருக்குன்னு கிகிந்தாவுல எவனுக்கும் தெரியாது. எனக்குக் கொஞ்சம் பொறாமையா இருந்துச்சுன்னு ஒத்துக்கறேன்.

அன்றைக்கே நாய் அவளோடு போய்விட்டது. கேக் எங்களோடு நின்றுவிட்டது. இதுதான் முழு உண்மை. குடும்ப மானம் பத்திரம், தம்பி பத்திரம், பரம சாதுவான ஒரு ஜீவன் கரை சேர்ந்தது. அடுத்த ரயிலைப் பிடித்து இங்கே வந்து யாரையும் அதட்ட வேண்டிய அவசியம் இல்லை.

உன் அடுப்பில் விறகும், அலமாரியில் ஜாடிகளும், உன் பேச்சைக் கேட்கப் பக்கத்து வீட்டில் ஆளும் குறையாமல் இருக்கட்டும். ஸ்தானா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். உன் கன்னங்களில் மூன்று முத்தம்.

இப்படிக்கு,
நாய் அல்லாத உன் தம்பி,
மிலுதின்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தெசாங்கா ஃபோன் செய்தாள். சென்கா நேற்றுக் காலை வாயைத் திறந்ததாம்; இன்னும் மூடவில்லையாம். தபால்காரனைத் தெருக்கோடி வரை துரத்தி, பாதிரியார் அங்கியைக் கிழித்து, இப்போது சோபாவில் நடுவில் படுத்துக்கொண்டு இவளை உட்கார விடாமல் உறுமுகிறதாம். "சரியான நாயத்தான் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். திருப்பிக் கொடுப்பாயா என்றேன். "செருப்பு பிஞ்சிடும்" என்றாள். ஆகவே அக்கா, மேலே கூச்சம், சாது என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.