தூசி படாத கார்

"டிக்" என்றது. அவ்வளவுதான்.

பல் டாக்டர் மறுபடியும் பொத்தானை அழுத்தினார். இந்த முறை அந்த "டிக்" கூட வரவில்லை. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாயை இறுக மூடிக்கொண்டுவிட்டது.

வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஒரு நாளும் இப்படி மானத்தை வாங்கியதில்லை. ஞாயிறுதோறும் டாக்டர் உறையை விலக்கி உள்ளே உட்காருவார். பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அந்த உறுமலைக் கேட்பார். பிறகு அணைத்து, துடைத்து, போர்த்திவிடுவார். தெருவில் இறக்கினால் தூசி படுமே!

"காஸ்ட்லி கார்னா அடிக்கடி மக்கர் பண்ணும்னு எவன் சொன்னான்? வச்சுக்கத் தெரியணும்யா!" என்று வருகிற நோயாளிகளிடமெல்லாம் சொல்வார். வாய்க்குள் அவருடைய கருவி இருக்கும்போது அவர்களால் மறுத்துப் பேச முடியாது.

இன்று ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் பரிசோதகர் வருகிறார். இந்த வருடத்தின் மிக நம்பகமான காருக்கு ஒரு கேடயம் உண்டு. அதை மாட்டுவதற்கு டாக்டர் முன்னறையில் ஆணிகூட அடித்துவிட்டார், மைத்துனர் வந்தால் உட்காரும் சோபாவுக்கு நேரெதிரே.

மனைவியின் அண்ணனான அந்த மைத்துனர் இப்போது ஷெட் வாசலில் டீக்கோப்பையோடு நின்றிருந்தார்.

"என்ன மாப்ள, மகாராணி எந்திரிக்க மாட்டேங்கறாங்களா?"

"பேட்டரிதான் மச்சான். சார்ஜர் போட்டா சரியாயிடும்."

"போடுங்களேன்."

"பேட்டரி முன்பக்க மூடிக்குள்ள இருக்கு."

"மூடியைத் திறங்களேன்."

"அது கரண்ட்ல திறக்கற மூடி. அதுக்குப் பேட்டரி வேணும்."

மைத்துனர் ஒரு வாய் டீ குடித்து யோசித்தார். "ஆக, பேட்டரிக்கு உயிர் வந்தாத்தான் பேட்டரிக்கு உயிர் குடுக்க முடியும். பெரிய இடத்து வண்டின்னா சும்மாவா!"

ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கும் டாக்டரால் தன் காரின் வாயைத் திறக்க முடியவில்லை. நேற்று மாலை கதவைத் திறந்துபோட்டு சீட்டுக்குப் பாலிஷ் போட்டவர், அதைச் சரியாகச் சாத்தவில்லை. உள்விளக்குகள் ராத்திரி பூராவும் எரிந்து தீர்த்துவிட்டன. காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது. மைத்துனரிடம் அதைச் சொல்ல அவருக்கு என்ன பைத்தியமா?

"இங்க இருட்டுல ஒண்ணும் தெரியல, வெளிச்சத்துக்குத் தள்ளிட்டுப் போவோம். நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கறேன், நீங்க தள்ளுங்க" என்று ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

மைத்துனர் தள்ளினார். கார் அசையவில்லை. அதன் பிரேக்கும் கரண்டில்தான் விடுபடும். சரி, இறங்கலாம் என்று டாக்டர் கதவைத் தொட்டார். அதுவும் கரண்டுதான். கண்ணாடியை இறக்கப் பார்த்தார், ஹாரனை அமுக்கினார். எதுவும் நடக்கவில்லை. டாக்டர் உள்ளே வசமாக மாட்டிக்கொண்டார்.

அவர் கண்ணாடியைத் தட்டிக் கத்தினார். வெளியே வாயசைவு மட்டும்தான் தெரிந்தது.

"கத்தாதீங்க மாப்ள, காத்து தீந்துடப் போகுது!" என்று வெளியிலிருந்து கத்தினார் மைத்துனர்.

சரியாக அந்த நேரத்தில் பரிசோதகர் வந்து சேர்ந்தார்.

"வாங்க சார்" என்று மைத்துனர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வண்டி ரொம்ப நம்பகம். உள்ள போனவரை வெளியவே விடமாட்டேங்குது, பாருங்க."

டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. கேடயம் போனால் போகட்டும், இந்த ஆளின் சிரிப்பை இனி ஒவ்வொரு ஞாயிறும் பார்க்க வேண்டுமே!

சத்தம் கேட்டு டாக்டரின் மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். கண்ணாடியருகே குனிந்து, சீட்டுக்குக் கீழே என்று கையால் காட்டி, இழுப்பதுபோல் செய்தாள். டாக்டர் தடவிப் பார்த்தார். ஒரு வளையம் அகப்பட்டது. இழுத்தார், கதவு திறந்தது. அதற்குள் அவள் முன்பம்பரில் ஒரு சின்ன மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கம்பியை இழுத்துவிட்டாள். முன்மூடி சாதுவாக எழுந்தது.

"உனக்கெப்படிடீ தெரியும்?"

"மூணு வருஷமா வீட்டுல இருக்கற மகாராணியோட குணம் தெரியாதாங்க?" என்றபடி சார்ஜரைச் செருகினாள்.

சற்று நேரத்தில் கார் உறுமியது. பரிசோதகர் ஆயிலைத் தொட்டுப் பார்த்தார், காருக்கடியில் படுத்துப் பார்த்தார். எழுந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"பேட்டரியை விடுங்க சார், அது யாருக்கும் நடக்கும். இந்த மாதிரி வண்டிகளைச் சும்மா நிறுத்தி வச்சுத்தான் பலபேர் கெடுக்கறாங்க. பிரேக் துருப்பிடிக்கும், ரப்பர் காஞ்சுபோகும், டயர் ஒரு பக்கம் அமுங்கிடும். இது கண்ணாடி மாதிரி இருக்கு. இஞ்சின் சூடேறின அப்புறம்தான் விரட்டணும்னு தெரிஞ்ச ஆளோட கை பட்ட வண்டி. இருபது வருஷமா பாக்கறேன், இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல!"

டாக்டருக்குப் பாதி புரியவில்லை. ஆனால் எல்லாமே பாராட்டு என்பது புரிந்தது. "எல்லாம் நம்ம கைதான் சார்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். மைத்துனரின் டீ ஆறிப்போயிருந்தது.

"கேடயம் உங்களுக்குத்தான். நம்ம ரேஸ் மைதானத்துல ஒரு சுத்து சுத்திக் காட்டணும், அதான் சங்கத்து வழக்கம். நாங்க முன்னால போறோம்" என்று பரிசோதகர் மைத்துனரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார்.

டாக்டர் தயங்கித் தயங்கி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். ஷெட்டைத் தாண்டி ஓட்டியதே இல்லையே!

"பயப்படாதீங்க, நானும் வரேன்" என்று மனைவி பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

கார் ஊர்ந்தது. சைக்கிள்கள் முந்திக்கொண்டு போயின. ஆனாலும் தெருவே திரும்பிப் பார்த்தது. பயம் மெல்ல மெல்லப் பெருமையாக மாறியது. இத்தனை வருடமும் தான் துடைத்த துடைப்பு வீண்போகவில்லை என்று டாக்டர் பூரித்துப்போனார்.

"பாத்தியா? தூசி படாம வச்சிருந்தேன், அதான் ரகசியம்."

"ஆமாங்க" என்றாள் மனைவி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

மைதானத்து வாசலில் காரைக் கண்டதும் காவலாளி ஓடிவந்து விறைப்பாக சல்யூட் அடித்தார். டாக்டரும் ராஜகம்பீரமாகத் தலையை அசைத்தார்.

காவலாளி அவரைத் தாண்டிச் சுற்றி வந்து, மறுபக்க ஜன்னலில் குனிந்து கேட்டார்:

"என்ன மேடம், வாராவாரம் எல்லாரையும் முந்திட்டுப் பறப்பீங்க, இன்னைக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்து யாருக்கோ ஓட்டக் கத்துக் குடுக்கறீங்க?"