மிளகாய்க் கறை, 1973

சுவரைத் தேய்த்து முடித்த யோகேஸ்வரன் இரண்டடி பின்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்து ரசித்தார். அடுப்புக்கு மேலே கிடந்த பழுப்புத் திட்டு போன இடம் தெரியவில்லை. ஹீத்ரோ விமான நிலையத்தில் இருபது வருடமாகத் துப்புரவு மேற்பார்வையாளர். கறையைக் கண்டால் மூளைக்கு முன்னால் கை போய்விடும்.

அந்த நேரம் பார்த்து மனைவி பிரமிளா லேமினேட் செய்த அட்டை ஒன்றுடன் உள்ளே வந்தாள். சுவரில் இங்கே வைத்துப் பார்த்தாள், அங்கே வைத்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கறை எங்க?"

"எந்தக் கறை?"

அவள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். 'மிளகாய்க் கறை, 1973. லண்டன் தமிழர் சமையலின் முதல் சாட்சி.'

யோகேஸ்வரனின் கையிலிருந்த ஸ்பொஞ்சிலிருந்து வரலாறு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

வட லண்டன் ஆர்ச்வேயில் அவர்கள் நின்றிருந்த அந்தப் பழைய வீட்டில்தான், எழுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த பதினொரு பேர் ஒன்றாகக் குடியிருந்தார்கள். அதை அருங்காட்சியகமாக்க யோகேஸ்வரனின் தமிழ்ச் சங்கம் மூன்று வருடமாக நடையாய் நடந்தது. நகரக் கவுன்சில் ஓம் என்றால் வீடு சங்கத்துக்கு. இல்லையென்றால் அடுத்த மாதமே இடித்து பிளாட் கட்டுவார்கள். பார்த்து முடிவு சொல்ல மிஸிஸ் ஹியூஸ் என்ற அதிகாரி இன்று இரண்டு மணிக்கு வருகிறார். விண்ணப்பத்தின் முதல் பக்கமே அந்தக் கறைதான்.

பதினொருவரில் இன்னும் லண்டனில் மிஞ்சியிருப்பவர் கிருஷ்ணராசா அண்ணை. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மேடையேறிச் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செத்தல் மிளகாய் வறுத்தார்களாம். தெருவே இருமியதாம். தீயணைப்புப் படை வந்ததாம். வந்தவர்கள் தீயைக் காணாமல் சாப்பாட்டைக் கண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம். பத்தொன்பது தடவை இதைக் கேட்ட யோகேஸ்வரனின் மனதில் அந்தக் கறை கதவளவில் கன்னங்கரேலென்று நின்றது. தோசையளவில் ஒரு திட்டாக இருக்கும் என்று யார் கண்டது?

"படமாவது எடுத்தனீங்களே?" என்றாள் பிரமிளா.

"துடைச்சுப்போட்டு வடிவா எடுப்பம் எண்டு இருந்தனான்."

மணி பன்னிரண்டே கால். யோகேஸ்வரன் போனை எடுத்தார்.

"கிருஷ்ணராசா அண்ணை, ஒரு சின்ன விசயம். அந்தக் கறை வட்டமோ, நீளமோ?"

"ஏன் தம்பி கேக்கிறீர்?"

"சும்மா. அட்டையில எழுதத்தான்."

"அது பெரிய கதை தம்பி. அந்த முறை என்ன பனி தெரியுமே?"

"வட்டமோ அண்ணை?"

"ஒரு... வடிவந்தான். நான் ரெண்டரைக்கு வாறன்." போன் வைக்கப்பட்டது.

யோகேஸ்வரன் பால் விடாமல் சாயத் தேத்தண்ணி போட்டு ஸ்பொஞ்சால் ஒற்றினார். அது நாலு கோடாக வழிந்து, யாரையோ சுவரோடு வைத்து வெட்டிய மாதிரி ஆகிவிட்டது. வழியாமல் இருக்க மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசினார்.

"இப்ப கோயில் சுவர் மாதிரி இருக்கு. ஒரு பொட்டும் வைச்சு விடுங்கோ," என்றாள் பிரமிளா.

மஞ்சளைக் கழுவப் போனதில் சுவர்ப் பூச்சும் சேர்ந்து உரிந்தது. மணி ஒன்று பத்து. யோகேஸ்வரனுக்கு லண்டன் குளிரிலும் வேர்த்தது. மூன்று வருட அலைச்சலை ஒரு ஸ்பொஞ்சால் முடித்துவைத்தவன் என்று அடுத்த ஆண்டு விழாவில் அவரைப் பற்றியும் ஒரு கதை மேடையேறும்.

"மிளகாய் வறுத்து வந்த கறைதானே?" என்றார் திடீரென்று. "மிளகாய் வறுத்தால் திருப்பி வரும்."

"உங்களுக்கு விசரே?"

அவர் அதற்குள் தமிழ்க் கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

ஒரு கிலோ செத்தல் மிளகாய் அடுப்பிலிருந்த தாச்சிச் சட்டியில் விழுந்தது. புகை முழுவதும் சுவரிலேயே படியட்டும் என்று யன்னல்களை இறுக்கிச் சாத்தினார். அவசரத்துக்குக் கறை வரவில்லை, நெருப்பைக் கூட்டினார். அடுத்த நிமிடம் புகை அலாரம் அலறியது. பிரமிளா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பக்கத்து வீடு இருமியது. எதிர் வீடு இருமியது. எந்த வீட்டில் போனை எடுத்தார்களோ, சரியாக இரண்டு மணிக்கு வாசலில் சிவப்பு வண்டி வந்து நின்றது.

ஐந்து தீயணைப்பு வீரர்கள் உள்ளே பாய்ந்தார்கள். "தீ எங்கே?"

யோகேஸ்வரன் இருமிக்கொண்டே தாச்சியைக் காட்டினார். வீரர்களுக்குப் பின்னால், கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி, கண்ணீர் வழிய நின்றார் மிஸிஸ் ஹியூஸ்.

முடிந்தது, என்று யோகேஸ்வரன் கண்ணை மூடினார்.

"அற்புதம்!" என்றார் அந்த அம்மா இருமலுக்கிடையில். "அந்த நாளை அப்படியே நடத்திக் காட்டுகிறீர்களா? தீயணைப்புப் படையோடு?"

"யெஸ், யெஸ்," என்றாள் பிரமிளா, கணவன் வாய் திறக்குமுன். விருந்தாளிக்கென்று கொண்டுவந்த மட்டன் ரோல்ஸை வீரர்களிடம் நீட்டினாள். அவர்கள் வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

மிஸிஸ் ஹியூஸ் அடுப்புக்கு மேலே புதிதாய்ப் படிந்திருந்த கறுப்பைப் படம் பிடித்தார். "எத்தனையோ பழைய வீடுகள் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் எனக்குக் கண்ணீர் வந்ததில்லை," என்று கோப்பில் எதையோ எழுத ஆரம்பித்தார்.

அந்த எழுத்தைப் பார்க்கப் பார்க்க யோகேஸ்வரனின் நெஞ்சு புகையில்லாமலே எரிந்தது. இரண்டரைக்கு வந்து சேர்ந்த கிருஷ்ணராசாவை வாசலிலேயே மறித்து, ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனார்.

"அண்ணை, என்னை மன்னிக்க வேணும். உங்கட கறையை நான் துடைச்சு அழிச்சுப்போட்டன். உள்ளுக்கு இருக்கிறது நான் இண்டைக்கு வறுத்தது. போய் அந்த மனுசியிட்ட உண்மையைச் சொல்லப் போறன். அதுக்கு முதல் நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ. சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ. அசல் கறை எப்பிடி இருந்தது?"

கிருஷ்ணராசா சிவப்பு வண்டியைப் பார்த்தார். படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்து ரோல்ஸ் சாப்பிடும் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு யோகேஸ்வரனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நாங்கள் குடிவரேக்கையே அந்தக் கறை சுவரில இருந்தது. பதினொரு பேரில ஒருத்தனுக்கும் முட்டை பொரிக்கவும் தெரியாது, பாணும் ஜாமும்தான். இந்த வீட்டில மிளகாய் வறுத்த முதல் தமிழன் நீர்தான்."