தையல்காரர் ஏரி பார்க்கப் போன கதை

தையல்காரர் வீட்டில் சட்டம் போட்டால் போட்டதுதான். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், மனைவி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

மகனைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்த அன்றும் ஒன்று போட்டார். "லீவு விடுற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக்கூடாது. ஆம்பளப் பையன் தனியா நிக்கப் பழகணும்."

"சரிங்க," என்றாள் மனைவி. அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்ன சரித்திரமே கிடையாது. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

பையன் பழகினானோ இல்லையோ, அப்பாவால் முடியவில்லை. கடையில் பொத்தான் டப்பாவை உருட்டிக்கொண்டு, "அப்பா, இன்னும் முடியலையா?" என்று நச்சரிக்க ஆளில்லை. அந்த நச்சரிப்புக்காக மனுஷர் ஏங்கிப் போனார். மனைவிக்காவது மாதாமாதம் அக்கா வீடு இருக்கிறது. போன தடவை அங்கிருந்து யாரோ எதிர்வீட்டுப் பையனுடைய கோட்டு அளவையும் வாங்கிவந்தாள். "இது கையா, விளக்குக் கம்பமா?" என்று திட்டிக்கொண்டே தைத்துக் கொடுத்தார். கையோடு, அதே நீலத் துணியில் மகனுக்கும் ரகசியமாக ஒன்று தைத்துவிட்டார். அவன் அளவுதான் அவருக்குத் தலைகீழ்ப் பாடமாயிற்றே.

கோட்டு தயார். போவதற்குத்தான் ஒரு சாக்கு வேண்டும்.

"ஏம்மா, ஏரி கீரி ஏதாவது பார்த்துட்டு வரலாமா?"

"ஏரி சரி. கீரி எதுக்கு?"

"விளையாடாதே. எப்பப் பாரு ஊசிக் காதையே பார்த்துட்டிருந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

அவர் தேர்ந்தெடுத்த ஏரி, கல்லூரிக்கு நேர் எதிரே இருந்தது. தற்செயல்தான்.

ஏரிக்கரையில் மனைவி நின்று நிதானமாகப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். வாத்துகளைப் பார்த்தாள். வாத்துகள் சலித்துப்போய் நகர்ந்தன, அவள் நகரவில்லை. தையல்காரர் கோட்டு இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அங்க ஒரு பெரிய கட்டடம் தெரியுதே, யாரு வீடு?"

"நம்ம பையன் காலேஜுங்க. ஃபீஸ் கட்டினது மறந்துபோச்சா?"

"அட, ஆமா! வந்தது வந்தோம், ஒரு எட்டு..."

"ஐயையோ, உங்க சட்டம் என்னாகிறது? வாங்க, படகுல போவோம்."

படகு நடு ஏரிக்குப் போகப் போக, கல்லூரி சின்னதாகிக்கொண்டே வந்தது.

"படகைத் திருப்பச் சொல்லு," என்றார் தையல்காரர். "சட்டமும் வேணாம், மண்ணும் வேணாம். எனக்கு என் பிள்ளையைப் பார்க்கணும்."

படகுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையசைத்தாள். படகு திரும்பியது.

விடுதி வாசலில் காவலாளி எழுந்து நின்றார். தையல்காரரைப் பார்த்து அல்ல.

"வாங்கம்மா! இந்த மாசம் முன்னாடியே வந்துட்டீங்களே. கூட யாரு, சொந்தமா?"

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் வாத்துகள் இருந்த திசையைப் பார்த்தாள்.

"அப்போ அக்கா வீடு?"

"அக்கா வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு நீங்க சட்டம் போடலையே. நானும் போகலை."

அதற்குள் மகன் ஓடிவந்தான். எதிர்வீட்டுப் பையனின் நீலக் கோட்டு அவன் உடம்பில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மேலுதட்டில் புதிதாக ஒரு கோடு. கட்டிக்கொண்டபோது, அவன் மோவாய் அப்பாவின் தலைக்கு மேலே போயிற்று. அப்பா விடவே இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்ததை எடுத்து, "இதையும் போட்டுப் பாருடா," என்றார்.

போட்டான். தோள் பிடித்தது. கை மணிக்கட்டுக்கு வராமலே நின்றுவிட்டது.

தையல்காரர் அந்தக் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்படி? இவன் அளவு எனக்குத் தெரியுமே."

மனைவி கோட்டை மெதுவாகக் கழற்றி மடித்தாள்.

"ஏங்க, சட்டம் போட்டப்போ, பிள்ளை வளரக்கூடாதுன்னும் சேர்த்துப் போட்டிருக்கணும்."