நெஞ்சைத் தொட்டால் ஈ.சி.ஜி.

மார்க்கையன்கோட்டையில் மோட்டார்காரர் கண்ணில் படும்படி நெஞ்சில் கை வைத்துவிட்டு நேரே வீடு போய்ச் சேர்ந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. எல்லோருமே ஆஸ்பத்திரி வழியாகத்தான் போயிருக்கிறார்கள்.

தோட்டத்து மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். அவர் கடைக்கு எதிரே என் உரக்கடை. சில வருஷங்களுக்கு முன் அவருடைய அண்ணன் நெஞ்சு எரிகிறது என்றார். "கேஸ்தேன்" என்று வீடே ஒரே குரலில் தீர்ப்புச் சொல்ல, மோட்டார்காரர் ஓடிப்போய் சோடா வாங்கிவந்தார். அதில் பாதியைக் குடிப்பதற்குள் அண்ணன் போய்விட்டார். அன்றோடு மோட்டார்காரரின் அகராதியில் கேஸ் என்ற வியாதியே இல்லாமல் போயிற்று.

டீக்கடையில் ஒருவர் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நெஞ்சில் கை என்று மோட்டார்காரர் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வார்டு தேர்தலுக்கு நின்றவர் நெஞ்சில் கை வைத்து "உங்க வீட்டுப் பிள்ளை" என்று ஓட்டுக் கேட்டார். பிள்ளையை மொபெட்டில் உட்காரவைத்து சின்னமனூருக்குக் கொண்டுபோனார். ஈ.சி.ஜி. நார்மல். தேர்தலில்தான் டெபாசிட் போயிற்று.

கேட்டால் விளக்கம் வேறு. "சொட்டுநீர் பைப்புல உப்பு அடைச்சா மோட்டார் ஓடும், வாழை காயும். ஒடம்புல கதை வேற. அங்கன மோட்டாருக்கே ரத்தம் போற பைப்பு அடைச்சுக்கிரும். அம்புட்டுத்தேன்."

நானும் சிரித்தவன்தான், என் முறை வரும்வரை.

ஒருநாள் காலை கீழ்த்தாடையில் வலி. பல்தான் என்று கிராம்பைக் கடித்துக்கொண்டு யூரியா மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். மோட்டார்காரர் உள்ளே வந்தார்.

"ஏலே, ஃபேன் ஓடுது. ஒனக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?"

"பல்லு வலிண்ணே."

"பல்லு வலிக்கு முதுகு நனையுமா? ஏறு வண்டில!"

"நெஞ்சு வலிக்கவே இல்லண்ணே!"

"அத டாக்டர் சொல்லட்டும். ஏறு!"

வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். முதலில் எரிச்சலாக இருந்தது. பாதி வழியில், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற நினைப்பு வந்ததும் அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஈ.சி.ஜி. நார்மல் என்றார் டாக்டர். போன உயிர் திரும்ப வந்தது. கூடவே கோபமும் வந்தது. "பாத்தீகளா?" என்று கட்டிலைவிட்டு இறங்கினேன். மோட்டார்காரர் கதவை மறித்துக்கொண்டார்.

"டாக்டரய்யா, எரியப்போற மோட்டாரும் லோடு இல்லாதப்ப நல்லாத்தேன் ஓடும். கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா எடுங்க."

டாக்டர் சிரித்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். "எனக்கும் இந்த வேர்வை பிடிக்கல. இங்கயே இருக்கட்டும். மறுபடி எடுக்கத்தான் போறேன்" என்றார்.

இரண்டாவது தாளைக் கையில் எடுத்ததும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பத்து நிமிஷத்தில் தேனிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. அதுவரை கத்திக்கொண்டே இருந்த மோட்டார்காரர் அதில் ஏறியதும் பள்ளம் வரும்போதெல்லாம் என் முகத்தைத்தான் பார்த்தார். என் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். அதைப் பார்த்து எனக்கு இரண்டு மடங்கு பயம். இருதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லி, ஸ்டென்ட் வைத்தார்கள். நான் கண் விழித்ததும் மோட்டார்காரர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "நீ கெஞ்சுனாலும் சோடா குடுக்கக் கூடாதுன்னு நர்ஸம்மாட்ட சொல்லிட்டேன்."

அதன்பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு போன் வரும். "இருக்கியா?" "இருக்கேண்ணே." உடனே வைத்துவிடுவார். மனிதருக்கு நாகரிகமே கிடையாது என்று மனைவியிடம் புலம்புவேன்.

போன வாரம் ஒருநாள் ஆறேகால் ஆகியும் போன் வரவில்லை. நானே அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். ஊருக்கெல்லாம் ஈ.சி.ஜி. எடுக்கவைத்தவர் தனக்கு ஒருமுறைகூட எடுத்துக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் ஓடவில்லை. ஆனால் தெருவில் என்னைப் பார்த்தவர்கள் ஓடினேன் என்றுதான் சொல்வார்கள்.

கடை திறந்திருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தொட்டிக்குள்ள விழுந்துருச்சுலே. நீ ஏன் இப்பிடி மூச்சு வாங்க வந்து நிக்குற?"

நன்றாக நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"சாப்ட்டீகளாண்ணே?" என்றுதான் வந்தது.