நுனிப்புல் மேயாதவர்

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தப் புல்லு இறங்கணும். இல்லேன்னா திங்கட்கிழமை வாசல் முழுக்க சிமெண்ட் தரை. மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சு."

மனைவி செருப்பை உதறிக்கொண்டே சொன்னாள். அதற்குள் ஏதோ ஊர்ந்திருந்தது.

போஸ்ட்மாஸ்டர் புல்வெட்டும் மெஷின் வாங்கக் கடைக்கு ஓடினார். முப்பது வருஷம் மூன்றாவது மாடியில் குடியிருந்தவர். ஓய்வுபெற்ற கையோடு இந்த வீட்டை வாங்கியதே வாசல் புல்தரைக்காகத்தான். அதில் வெறுங்காலோடு நடக்க ஆசைப்பட்டார். வெட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாலு வருஷத்தில் புல் முழங்காலுக்கு வந்துவிட்டது.

கடைக்காரர் கையால் தள்ளும் மெஷினைக் காட்டினார். "பெட்ரோல் வேணாம், கரண்ட் வேணாம், சத்தமே இருக்காது சார்."

வேலையும் இருக்கவில்லை. நாலடி போனதும் புல், உருளையில் சடை பின்னிக்கொண்டு நின்றுவிட்டது.

"அது ஷேவிங் ரேசர் மாதிரி சார். காட்டுக்கு ஆகாது. கரண்ட் மெஷினா மாத்திடுங்க."

வேலிக்கு மேல் ஒரு தலை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். நாலு வருஷமாக, வைத்த வணக்கத்துக்கு ஒரு பதில் வணக்கம் வைக்காத மனுஷர்.

போஸ்ட்மாஸ்டர் நெகிழ்ந்துபோய் மெஷினை மாற்றிக்கொண்டு வந்தார். அதுவும் சமர்த்தாகத்தான் வெட்டியது. பாதிப் புல்லையும், தன் ஒயரையும்.

"என்னங்க, சோப்பு போட்டுட்டு நிக்கறேன், ஹீட்டர் நின்னுபோச்சு" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. "அந்த மேஸ்திரியை இன்னைக்கே வரச் சொல்லட்டுமா?"

மாலையில் மறுபடி தலை தெரிந்தது.

"பெட்ரோல் மெஷின்தான் சார் உங்களுக்குச் சரி. பிளேடை எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்கிடுங்க. நுனிப்புல் மேயற வேலையே வேணாம். எதையும் வேர் வரைக்கும் பார்த்துடணும். என் தொழில்ல கத்துக்கிட்டது."

"உங்களை மாதிரி பக்கத்து வீடு அமையணுமே டாக்டர்."

ஞாயிறு காலை, கயிற்றைப் பதினேழு தடவை இழுத்ததில் போஸ்ட்மாஸ்டரின் தோள்பட்டை இறங்கிப்போனது. பதினெட்டாவது இழுப்பில் மெஷின் கிளம்பியது, அவரையும் இழுத்துக்கொண்டு. ரோஜாச்செடி போயிற்று. மிதியடியில் பாதி போயிற்று. கடைசியில் வாசற்படிக்கு நாலடி முன்னால் 'டங்' என்று எதிலோ மோதி, பிளேடு வளைந்து, உயிரை விட்டது. பார்த்தால், தரையோடு தரையாக ஒரு கருங்கல்.

போகட்டும். புல் ஒட்ட வெட்டியாயிற்று. மனைவி வெளியே வந்து சுற்றிப் பார்த்தாள்.

"சரி, தொலையட்டும். சிமெண்ட் வேணாம்னு சொல்லிடறேன்."

திங்கட்கிழமை காலை போஸ்ட்மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். பச்சைத் தரையில் ஆசை தீர நடந்தார். மூன்றாவது சுற்றில் கேட் திறந்தது. பல் டாக்டர், பின்னால் டேப்பும் வரைபடமுமாக சர்வேயர்.

"வாங்க டாக்டர், எல்லாம் உங்க புண்ணியம்" என்று கைகூப்பினார்.

பதில் வணக்கம் வரவில்லை. டாக்டர் நேராக அந்தக் கருங்கல்லைக் காட்டினார். சர்வேயர் குந்தி உட்கார்ந்து, மண்ணைத் துடைத்து, அதன் தலையில் செதுக்கியிருந்த அம்புக்குறியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வெறுங்காலோடு நின்றவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"வேலியைத் தப்பா போட்டிருக்காங்க சார், இந்தக் கல்லுல இருந்து வேலி வரைக்கும் இந்தப் புல்தரை பூரா டாக்டரோட இடம், நல்லவேளை, நீங்க சிமெண்ட் போடல, போட்டிருந்தா இந்த எல்லைக்கல்லு ஜென்மத்துக்கும் கிடைச்சிருக்காது."