தோப்பூர் ஆதம்பாவாவுக்கு ஒரு பொன்னாடை

"முதலாவதா, எங்கட தோப்பூர் ஆதம்பாவா நானா!" என்று வானொலி சொன்னபோது, அருளம்பலத்தின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த இடியப்பம் பாதி வழியில் நின்றது.

"நானா இண்டைக்கு என்ன எழுதியிருக்கிறார் தெரியுமோ நேயர்களே? 'கிருஷாந்த் தம்பி, இந்த வெக்கைக்கு உங்கட குரல்தான் எங்களுக்கு இளநீர்' எண்டு எழுதியிருக்கிறார். அடடா! நானா, நீங்கள் நூறு வருசம் இருக்க வேணும்!"

அறிவிப்பாளர் கிருஷாந்த் சொந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல் அந்த 'நானா'வை இழுத்துச் சொல்லி, ஆற அமரச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, "அடுத்தது ஓர்ஸ் ஹில் அருளம்பலம் மற்றும் பல அன்பு நெஞ்சங்கள்" என்று ஒரே மூச்சில் சொன்னார். மூச்சு முடியும் முன்னரே சவர்க்கார விளம்பரம் வந்துவிட்டது.

அருளம்பலம் இடியப்பத்தைத் திரும்பவும் கோப்பையில் போட்டார்.

"கேட்டனீரோ கமலா? அவனுக்கு இளநீர், சிரிப்பு, நூறு வருசம். எனக்கு மூச்சு விடக்கூட நேரமில்லை."

"கேட்டனான்," என்றாள் கமலாதேவி குசினிக்குள் இருந்து. "ரெண்டரை வருசமா ஒவ்வொரு நாளும் கேக்கிறன். சம்பல் கொஞ்சம் போடவோ?"

அருளம்பலத்துக்கு வயது ஐம்பத்துநாலு. உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் சாமான் களஞ்சியம் ஒன்றின் பொறுப்பாளர். சீனி வியாதி இல்லை, பிரஷர் இல்லை. இருந்த ஒரே நோய் ஆதம்பாவா.

'சங்கு எஃப்.எம்.'மில் காலை ஆறரைக்கு வரும் 'கோப்பிக் கடை' நிகழ்ச்சிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினால், பெயரையும் ஊரையும் சேர்த்து வாசிப்பார்கள். பெயரோடு ஊரும் சேர்ந்து காற்றில் வருவது நம் ஆட்களுக்குப் பட்டம் கிடைத்த மாதிரி. அதற்காக அருளம்பலம் விடிய ஐந்து மணிக்கே எழும்பி, எழுதி, அழித்து, திருத்தி, மனைவியை எழுப்பி வாசித்துக் காட்டி, பிறகு அனுப்புவார். கவிதை எழுதிப் பார்த்தார். கிருஷாந்தின் பிறந்தநாளுக்குப் பஞ்சாங்கம் பார்த்துப் பலன் எழுதினார். கோட்டை வாசலில் ஓட்டோவுக்குக் கீழே மான் படுத்திருந்த படத்தை அனுப்பினார். எதை அனுப்பினாலும் அவர் இரண்டாவதுதான். ஆதம்பாவா வெறுமனே "சுகமா தம்பி?" என்று எழுதினாலும் முதலாவது.

விளம்பரம் முடிந்து கிருஷாந்த் திரும்பவும் வந்தார்.

"ஒரு இனிய செய்தி! வாற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, ஓர்ஸ் ஹில் மண்டபத்தில நேயர் சந்திப்பு. நானே நேரில வாறன். அந்த மேடையில எங்கட தலைசிறந்த நேயருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப் போறம். ஆருக்கு எண்டு இப்ப சொல்ல மாட்டன்."

"இதில சொல்ல என்ன கிடக்கு?" என்று அருளம்பலம் வானொலியைப் பார்த்துக் கத்தினார்.

அவருடைய வயிறு எரிந்ததற்குக் காரணம் உண்டு. ஊரில் பொன்னாடை வாங்காத ஆள் அவர் ஒருவர்தான் என்று அவருக்கு ஒரு எண்ணம். மச்சான் தம்பிராசா இரண்டு வாங்கிவிட்டார். அதில் ஒன்று மரம் நட்டதற்கு, அந்த மரத்தை மறுநாளே ஆடு தின்றுவிட்டது. இருபத்தொன்பது வருடச் சேவையில் அருளம்பலத்தின் தோளில் விழுந்தவை துவாயும் காகத்தின் எச்சமும்தான். இப்போது சொந்த ஊர் மண்டபத்தில், கூப்பிடு தூரத்தில், ஒரு பொன்னாடை வருகிறது. அதையும் தோப்பூரிலிருந்து ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போகப் போகிறான்.

"நான் வியாழக்கிழமை அரைநாள் லீவு போடப் போறன்," என்றார்.

"என்னத்துக்கு?"

"தோப்பூருக்குப் போய், விழாவைத் தள்ளிப் போட்டாச்சு எண்டு ஆதம்பாவாவிட்டச் சொல்லப் போறன். ஆள் வராட்டி அடுத்த ஆளுக்குத்தானே போட வேணும்?"

"முகம் தெரியாத மனுசனிட்டப் பொய் சொல்லப் போறீங்களோ?"

"பொய் இல்லையப்பா. தகவல்."

வியாழக்கிழமை அவருடைய ஸ்கூட்டர் கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, உச்சி வெயிலில் தோப்பூர்ச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. தேத்தண்ணிக் கடை ஹஸ்மியிடம் விசாரித்தார்.

"ஆதம்பாவாவோ? எந்த ஆதம்பாவா சேர்? மில் ஆதம்பாவா ஹாஜியார் இரிக்காரு, பென்சன் எடுத்த அதிபர் ஆதம்பாவா இரிக்காரு, கராஜ் ஆதம்பாவா இரிக்காரு."

"ரேடியோவுக்கு எழுதிற ஆதம்பாவா."

"அப்பிடி ஒருத்தர் இங்க இல்லையே."

ஊரே சேர்ந்து ஆளை மறைக்கிறது என்று அருளம்பலம் முடிவு கட்டினார். அப்படியென்றால் மூன்று பேரிடமும் சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு. முதலில் மில்லுக்குப் போனார்.

"நான் ரேடியோ கேக்கிறல்ல தம்பி," என்றார் ஹாஜியார். "இந்த மில் சத்தத்தில பொஞ்சாதி ஏசுறதே கேக்கிறல்ல."

"மறைக்காதேங்கோ ஹாஜியார். ஓர்ஸ் ஹில் மண்டபத்தில சனிக்கிழமை நடக்க இருந்த விழா தள்ளிப் போச்சு. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"எந்த விழா?"

"உங்களுக்குப் பொன்னாடை போடுற விழா."

ஹாஜியார் மில்லை நிறுத்தச் சொன்னார்.

"எனக்கா?" என்றார். அவர் முகத்தில் தவிடு அப்பியிருந்தது. அந்தத் தவிட்டையும் மீறி ஒரு வெளிச்சம் வந்தது.

அதிபர் ஆதம்பாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நான் எழுதியதாக ஞாபகம் இல்லை. ஆனாலும் நாலு பேர் நம்மைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்," என்று மேடைத் தமிழில் சொன்னார். கராஜ் ஆதம்பாவா ட்ராக்டருக்குக் கீழே கிடந்தபடியே, "பொன்னாடைக்கு உள்ளுக்கு என்ன சேட்டு போடுறது?" என்று கேட்டார்.

வேலை முடிந்த திருப்தியில் அருளம்பலம் கடைக்கு வந்து ஒரு இஞ்சித் தேத்தண்ணி குடித்தார். புதுத் திகதியைப் பிறகு கேட்டறிவதற்கென்று ஹஸ்மி கேட்டபோது, போன் நம்பரையும் மறுக்காமல் கொடுத்தார். அதுதான் அவர் செய்த பிழை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் அடித்தது.

"சேர், நான் தோப்பூர் ஹஸ்மி. ஒங்கள யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க! மண்டபத்துக்குக் கோல் எடுத்துக் கேட்டம். விழா நாளைக்குத்தானாம்."

"அப்பிடியோ?" என்றார் அருளம்பலம். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"கவலைப்படாதீங்க. மூணு பேரயும் நாங்களே கூட்டிட்டு வாறம். குடும்பம், அக்கம் பக்கம் எல்லாம் வாறாங்க. ரெண்டு வேன் பிடிச்சாச்சி. இவ்வளவு தூரம் வந்து சொன்னீங்களே சேர், ஒங்க மனசு யாருக்கு வரும்!"

அருளம்பலம் போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.  கமலாதேவி கதவுக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே அவர் மனைவியோடு மண்டபத்துக்குப் போய் முன்வரிசையில் இடம் பிடித்தார். பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருநூறு கதிரை போட்டிருந்தார்கள். நாலு மணிக்கும் உள்ளே இருந்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும், மின்விசிறிக்குக் கீழே நித்திரை கொண்ட காவலாளியும்தான். நம் சனம் எப்போதும் பிந்தித்தானே வரும் என்று அருளம்பலம் நினைத்தார்.

ஒரு பழைய கார் வந்து நின்றது. பருத்த சாரதி ஒருவர் இறங்கி ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கினார். மறுபக்கக் கதவால் கிருஷாந்த் இறங்கினார். குரலைக் கேட்டால் ஆறடி உயரம் என்று தோன்றும். நேரில் அவர் ஒலிபெருக்கிப் பெட்டியை விடக் கொஞ்சம்தான் உயரம்.

 இரண்டரை வருடமாக மனதில் கட்டி வைத்திருந்த சந்திப்பு. அருளம்பலம் கிட்டப் போய்க் கை குலுக்கினார். பெயரை நானாகச் சொல்லக் கூடாது, என்னைப் பார்த்தவுடனே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம்.

"வணக்கம் ஐயா. நீங்கள்...?" என்றார் கிருஷாந்த்.

தெரியவில்லை! அருளம்பலத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் ஒரு ஆள்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் இருந்துகொண்டார்.

அந்த நேரம் வாசலில் இரண்டு வேன்களும் வந்து நின்றன. இறங்கின சனத்தை எண்ண ஏலாது. பிள்ளைகள், பெண்கள், பழக்கூடை, வாழைக்குலை. மூன்று ஆதம்பாவாக்களும் புதுச் சேட்டோடு அத்தர் மணக்க மணக்க வந்து முன்வரிசையில் அமர்ந்தார்கள். கிருஷாந்த் மேடையில் நின்று வாயைத் திறந்தபடி பார்த்தார். சாரதியும் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ்வளவு... இவ்வளவு நேயர்களோ?" என்றார் கிருஷாந்த். ஒலிபெருக்கியில் குரல் தழதழத்தது.

எல்லாம் ஆதம்பாவாவுக்கு வந்த கூட்டம் என்று அருளம்பலம் பல்லைக் கடித்தார். எனக்கென்று வந்தது என் பெண்சாதி ஒருத்தி. அவளும் பராக்குப் பார்க்க வந்தவள்.

கிருஷாந்த் தட்டிலிருந்த பொன்னாடையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். மஞ்சள் பட்டு, சிவப்புக் கரை. சபையே எழும்பி எட்டிப் பார்த்தது.

"அன்பு நெஞ்சங்களே, ஒவ்வொரு நாளும், ஒரு நாள்கூடத் தவறாமல் எனக்கு எழுதின ஒரு மனுசன் இருக்கிறார். மழையெண்டாலும் எழுதினவர், கரண்ட் இல்லாட்டியும் எழுதினவர். அந்த மனுசன் இண்டைக்கு இந்த மண்டபத்தில இருக்கிறாரோ எனக்குத் தெரியாது. அவருடைய பேர்..."

அந்தப் பெயரை அந்த வாயால் இன்னொரு தடவை சொல்லக் கேட்க அருளம்பலத்தால் ஏலவில்லை.

"சேர், ஒரு கேள்வி!" என்று எழும்பினார்.

"இருங்கோப்பா," என்று கமலாதேவி சேட்டைப் பிடித்து இழுத்தாள். ஒரு பொத்தான் தெறி கழன்றது. ஆள் அப்படியும் உட்காரவில்லை. சாரதி ஓடிவந்து மைக்கைக் கொடுத்தார்.

"சேர், கேள்வி இதுதான். ஆதம்பாவா நானா, ஆதம்பாவா நானா எண்டு ஒவ்வொரு நாளும் தலையில தூக்கி வைச்சு ஆடுறீங்களே, அப்பிடி அந்த ஆளில என்ன கண்டனீங்கள்? மற்ற ஆக்கள் மனுசர் இல்லையோ? இண்டைக்குத் தோப்பூரில இருந்து மூண்டு ஆதம்பாவா வந்திருக்கினம். உங்கட ஆதம்பாவா எவர் எண்டு சபைக்கு முன்னால கைகாட்டுங்கோ பாப்பம்!"

 கிருஷாந்தின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கேயோ இறங்கிப் போனது.

"ஆதம்பாவா நானா... வந்திருக்கிறாரோ?"

மூன்று பேரும் எழும்பிக் கையை உயர்த்தினார்கள். வேனில் வந்த சனம் கைதட்டியது.

கிருஷாந்த் ஒரு போத்தல் தண்ணீரை முழுதாகக் குடித்தார்.

"உங்களில... எனக்கு எழுதினவர்...?"

"நான் எழுதல்ல தம்பி," என்றார் ஹாஜியார் நேர்மையாக. "ஆனா மில்லையும் நிப்பாட்டிப் போட்டு இவ்வளவு தூரம் வந்தாச்சி."

"என் பெயரில் என் மாணவர் எவரேனும் எழுதியிருக்கலாம்," என்றார் அதிபர்.

"அவங்க ரெண்டு பேருக்குமே போடுங்க சேர். எனக்கு எண்ணெய்க் கை," என்றார் கராஜ்காரர். சொல்லிக்கொண்டே அவரும் மேடையில் ஏறிவிட்டார்.

கிருஷாந்த் பொன்னாடையைப் பார்த்தார், மூன்று பேரையும் பார்த்தார், வாசலையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மூன்று பேரையும் தோளோடு தோளாக நெருக்கி நிறுத்தி, ஒரே பொன்னாடையை இழுத்து இழுத்து மூவருக்கும் போர்த்தினார். கரகோசம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஹஸ்மி தன் போனை அருளம்பலத்தின் கையில் திணித்தான்.

"ஒங்களாலதான் சேர் இது நடந்திச்சி. நீங்களே ஒரு படம் எடுங்க!"

அருளம்பலம் படம் எடுத்தார்.  எடுத்து முடித்ததும் பின்பக்கத்தால் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார். அழுகை வந்தது. தெறி கழன்ற சேட்டால் கண்ணைத் துடைத்தார். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் தன் பாட்டுக்குக் கூவியது.

சாரதி ஜவ்பர் வயரைச் சுற்றிக்கொண்டே வந்தார்.

"ஐயா, நீங்க இந்த ஓர்ஸ் ஹில்தானே? இங்க அருளம்பலம் எண்டு ஒருத்தரத் தெரியுமா?"

"ஏன்?"

"சேர் உள்ளுக்குத் தலையில கை வச்சிட்டு இருக்காரு. அந்தப் பொன்னாடை அருளம்பலம் ஐயாவுக்கு எண்டே கொழும்பில தேடித் தேடி வாங்கினது. அவர்ர பேரச் சொல்ல வாயெடுத்த நேரம்தான் நீங்க எழும்பிக் கேள்வி கேட்டீங்க."

 அருளம்பலம் ஸ்கூட்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப... ஆதம்பாவா?"

ஜவ்பர் மண்டபப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எவர்ட்டயும் சொல்லிடாதீங்க ஐயா, இந்த ரெண்டரை வருசமா எங்களுக்கு வாற ஒரே ஒரு மெசேஜ் அந்த அருளம்பலத்திட மெசேஜ்தான், ஒரு பேர மட்டும் வாசிச்சா வெக்கம் எண்டு எங்கட சேர் உண்டாக்கின ஆள்தான் ஆதம்பாவா."